சட்டத்துக்குள் இருக்கிறார் மருந்தாளுநர்

தமிழ்நாட்டில் எந்த மெடிக்கலுக்குப் போனாலும் ஒருவர் மட்டும் தவறாமல் இருப்பார். லீவு எடுக்க மாட்டார். டீ குடிக்க வெளியே போக மாட்டார். தீபாவளி போனஸ் கேட்டு முதலாளியின் முகத்தைச் சுளிக்க வைக்க மாட்டார். பிள்ளையாருக்கும் மகாலட்சுமிக்கும் நடுவே, கண்ணாடிக்குப் பின்னால், பாஸ்போர்ட் அளவுப் படத்தில் கொஞ்சம் மிரண்ட முகத்தோடு கடையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆயுத பூஜையன்று அவருக்கும் ஒரு சந்தனப் பொட்டு உண்டு. அவர்தான் அந்தக் கடையின் பதிவுபெற்ற மருந்தாளுநர். அதாவது, அவருடைய சான்றிதழ்.

ஆள் எங்கே என்று கேட்டுவிடாதீர்கள். ஆள் சென்னையில் ஏதோ ஒரு கம்பெனியில், அமெரிக்க நோயாளிகளின் இன்ஷூரன்ஸ் கணக்குக்காக மெடிக்கல் கோடிங் செய்துகொண்டிருப்பார். டி.பார்ம் இரண்டு வருடம், அதற்கு மேல் ஐந்நூறு மணி நேரம் செய்முறைப் பயிற்சி, பிறகு மருந்தாளுநர் கவுன்சிலில் பதிவு. இவ்வளவையும் முடித்துவிட்டுக் கடையில் நின்றால் முதலாளி கொடுக்கும் சம்பளம் பக்கத்து பேக்கரியில் கொடுப்பதைவிடக் குறைவு. நின்றால் கிடைக்காத மரியாதை நிற்காமல் இருந்தால் கிடைக்கிறது. மாதம் பிறந்தால் சான்றிதழுக்கு வாடகை வந்துவிடுகிறது. வீட்டை வாடகைக்கு விட்டால் வெள்ளையடிக்க வேண்டும், குழாய் ரிப்பேர் பார்க்க வேண்டும். சான்றிதழுக்கு அந்தத் தொந்தரவும் இல்லை.

எல்லாக் கடையும் இப்படியில்லை. வெள்ளைக் கோட்டும் பெயர் வில்லையுமாக நின்று, சீட்டை வாங்கி இரண்டு முறை படித்து, “ஏற்கெனவே வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று கேட்கும் மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள். இதைப் படித்தால் என்னைவிட அவர்களுக்குத்தான் அதிகம் கோபம் வரும்.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகாத நாட்டில், 1948இலேயே, மருந்தியல் சட்டம் வந்துவிட்டது. மருத்துவர் எழுதிய சீட்டுக்குப் பதிவுபெற்ற மருந்தாளுநர் அல்லாத எவரும் மருந்து கலக்கவோ எடுத்துக் கொடுக்கவோ கூடாது என்கிறது அதன் 42ஆம் பிரிவு. அதற்கும் முந்தைய 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆவது விதி, சீட்டு மருந்தை மருந்தாளுநர் தன் கையால் கொடுக்க வேண்டும், அல்லது அவர் நேரில் நின்று கண்காணிக்கக் கொடுக்க வேண்டும் என்கிறது. 2015இல் வந்த தொழில் ஒழுங்குமுறைகளோ இன்னும் ஒரு படி மேலே போய், மருந்தைக் கொடுப்பதோடு நோயாளிக்கு ஆலோசனையும் சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்திருக்கின்றன. எதற்காக இந்த மருந்து, எப்படிச் சாப்பிடுவது, ஒரு வேளை மறந்துபோனால் என்ன செய்வது, எங்கே வைப்பது, என்ன பக்கவிளைவு வந்தால் ஓடி வர வேண்டும் என்றெல்லாம் பேச வேண்டுமாம். கண்ணாடிக்குள் இருப்பவர் பேசுவார் என்று எதிர்பார்த்த அந்த அதிகாரிகளின் தெய்வ நம்பிக்கையைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, கல்லாவுக்கு முன்னால் நிற்பது யார்? ஒரு பையன். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தவன். சுறுசுறுப்பானவன், எந்த மருந்து எந்த ரேக்கில் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறான். அவன் தலையில் மருந்தாளுநர், செவிலியர், பாதி நேரம் மருத்துவர் ஆகிய மூன்று பொறுப்பையும் ஏற்றிவிட்டு ஒரு சம்பளம் கொடுப்பவர் மேல்தான் கோபம்.

இரவு எட்டரை மணிக்கு ஓர் அம்மா வருகிறார்.

“தம்பி, வீட்ல ஒரே காய்ச்சல், உடம்புவலி. ஒரு செட் மாத்திரை குடுப்பா.”

“பெரியவங்களுக்கா, சின்னவங்களுக்காம்மா?”

“பெரியவங்களுக்குத்தான்.”

“எத்தனை வேளைக்கு?”

“ரெண்டு வேளைக்குப் போதும்.”

பரிசோதனை முடிந்தது. உலகத்தின் மிகச் சுருக்கமான மருத்துவ முறை நம்முடையதுதான்: மனித குலம் முழுவதும் பெரியவர், சின்னவர் என்று இரண்டே வகை. சர்க்கரை நோயாளி, சிறுநீரகம் பழுதானவர், ஐந்து மாதக் கர்ப்பிணி, வயிற்றுப்புண்காரர், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் எல்லாரும் “பெரியவங்க”. கத்திரிக்கோல் நான்கு அட்டைகளில் பாய்கிறது. வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சின்னச் சிவப்பு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒரு கேஸ் மாத்திரை. மருந்தின் பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில், இரண்டும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. அந்த அம்மா கையில் ஒரு காகிதக் கவரும் நான்கு நிறங்களும் மட்டும்தான். உள்ளே பாராசிட்டமால் இருக்கலாம், இரண்டே வேளைக்கு ஓர் ஆன்டிபயாடிக் இருக்கலாம், உடம்புவலி சட்டென்று பறக்க ஒரு ஸ்டீராய்டும் இருக்கலாம். காலையில் காய்ச்சல் விட்டுவிடும். “கைராசியான கடை” என்று தெருவெல்லாம் பெயர் பரவும். இரண்டு வேளை ஆன்டிபயாடிக்கில் சாகாமல் தப்பித்த கிருமிகளுக்கும் அந்தக் கடை கைராசியான கடைதான்.

சீட்டோடு போனால் மட்டும் என்ன வாழ்கிறது? மருந்தின் ஜெனரிக் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இலேயே மருத்துவர்களுக்கு விதி திருத்தப்பட்டது. அந்த விதியை மருத்துவர்களே படிக்க முடியாத கையெழுத்தில் யாரோ எழுதி அனுப்பிவிட்டார்கள் போலும். பையன் முதல் எழுத்தைப் பார்க்கிறான், வாலைப் பார்க்கிறான், நடுவில் இருக்கும் அலையை ஊகிக்கிறான். கேட்ட மருந்து இல்லையென்றால் “அதேதான், கம்பெனி மட்டும் வேற” என்று இன்னொன்றை நீட்டுகிறான். சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய ஷெட்யூல் எச் மருந்தில் சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கூடாது என்பதும் அதே 65ஆவது விதியில் இருக்கிறது. பெரும்பாலும் அது உண்மையிலேயே அதேதான். பெரும்பாலும்.

மீதி நேரம் என்ன நடக்கும் என்பதற்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற ஒரு மாத்திரை போதும். ஊரில் சரவாங்கி என்று சொல்லும் ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்கு எழுதப்படுவது. வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து. திங்கள் என்றால் திங்கள் மட்டும். வெள்ளை ரத்த அணுக்களை அடக்கும் மருந்து இது, புற்றுநோய்க்கும் கொடுக்கப்படுவது. தினமும் சாப்பிட்டால் சில நாளிலேயே வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை அணு உற்பத்தியை நிறுத்தும், சாதாரணத் தொற்றுக்கூட ஆளை முடித்துவிடும். உலகம் முழுக்க இந்த ஒரு தவறில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். மருந்துப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் எடுக்கும் உதாரணமே இதுதான். நம் கடையில் பையனுக்கு எல்லா அட்டையும் ஒன்றுதான். பேனாவை எடுத்து அட்டையின் பின்னால் “1-0-0” என்று கிறுக்குகிறான். தினமும் காலையில் ஒன்று. அந்தக் கிறுக்கலுக்கும் ஒரு மரணத்துக்கும் நடுவில் நிற்பதற்காகத்தான் ஒருவரைப் படிக்க வைத்து, பதிவு செய்து, சட்டம் எழுதி வைத்தோம். அதை நம்பித் தினமும் சாப்பிட்ட பெரியவர் ஒரு வாரம் கழித்து “வாய் வெந்துபோச்சுப்பா” என்று வந்தால், பையன் பி காம்ப்ளக்ஸ் கொடுப்பான். அதற்கும் கவர் உண்டு.

இவ்வளவு நாடகம் இல்லாமலும் ஆட்கள் விழுகிறார்கள். இதய டாக்டர் பிரஷருக்கு ஒரு பெயரில் மாத்திரை எழுதுகிறார், தெருமுனை டாக்டர் அதே மருந்தை வேறு பெயரில் எழுதுகிறார். இரண்டும் வேறு வேறு என்று நினைத்துப் பாட்டி இரண்டையும் சாப்பிடுகிறார். விடியற்காலை பாத்ரூம் போகும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. “வயசாச்சு, வழுக்கி விழுந்துட்டாங்க” என்று கேஸ் முடிகிறது. இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்க ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லாததால், மூன்றையும் காலைக் காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டு, “எத்தனை வருஷமா சாப்பிடறேன், தைராய்டு குறையவே மாட்டேங்குது” என்று அளவை ஏற்றிக்கொண்டே போகும் பெண்கள் எத்தனை பேர்! காய்ச்சலுக்கு 650, சளிக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று என்று மூன்று அட்டை வாங்குபவருக்கு மூன்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கலாம் என்று தெரியாது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு நான்கு கிராம் தான் எல்லை, அதைத் தாண்டினால் அடி வாங்குவது கல்லீரல் என்பதும் தெரியாது. இரவு கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போனால், இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய இன்சுலின் என்ன ஆகும் என்பதைக் கண்ணாடிக்குள் இருப்பவர் இறங்கி வந்து பார்ப்பாரா?

இந்த நாட்டில் மருந்து விஷயத்தில் உருப்படியான கவனிப்பு கிடைத்தது யாருக்கு என்று சொல்லட்டுமா? பாறு கழுகுக்கு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் 2015இல் ஊசிக் குப்பியின் அளவையே மூன்று மில்லிக்குக் குறைத்தார்கள். 2023இல் அசெக்ளோஃபினாக்கும் கீட்டோபுரோஃபெனும் கால்நடைக்குத் தடையாயின. நல்ல காரியம். மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகள் நூறாண்டு வாழட்டும். ஆனால் அதே டைக்ளோஃபினாக்கை, அதே அசெக்ளோஃபினாக்கை, பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடும் அறுபது வயதுக்காரர் முட்டிவலிக்காக மாதக்கணக்கில் சீட்டில்லாமல் வாங்கித் தின்கிறார். வலி மாத்திரை, சில வகைப் பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது என்பது மருந்தியல் படித்த எவருக்கும் தெரியும். தடுக்க யாரும் வரவில்லை. கழுகாகப் பிறந்திருந்தால் அவருடைய சிறுநீரகத்துக்காக அரசிதழ் வெளியாகியிருக்கும்.

அரசால் முடியாது என்று சொல்பவர்களை நான் நம்பவில்லை. தமிழ்நாட்டு மெடிக்கல்களில் கருக்கலைப்பு மாத்திரையை மருத்துவர் சீட்டோடு போய்க் கேட்டுப் பாருங்கள். சட்டப்படி விற்கலாம், ஆனால் வைத்திருக்கும் கடையைத் தேடித் திரிய வேண்டும். மருந்து ஆய்வாளர் வருவார், கணக்குக் கேட்பார், வம்பு என்று கடைக்காரர்களே இருப்பு வைப்பதை விட்டுவிட்டார்கள். சட்டம் அனுமதிக்கும் மருந்துக்காகப் பெண் ஒருத்தியை அலைய வைக்குமளவுக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குக் கை நீளும். ஆன்டிபயாடிக்கைக் கடலை மிட்டாய் போல எண்ணிக் கொடுப்பவனிடம் மட்டும் அந்தக் கை பாதி வழியிலேயே தளர்ந்துவிடுகிறது. டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு பிள்ளைகள் விழத் தொடங்கிய பிறகு போலீஸ் வந்தது. அதற்கு முன் யார் வந்திருக்க வேண்டும்? பக்கத்து மாநிலமான கேரளத்தில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்கத் தனியாகச் சோதனையே நடத்தினார்கள்; ஆன்டிபயாடிக் என்று தெரிய வேண்டும் என்பதற்காக நீல நிறக் கவரில் போட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். நம்மிடமும் கவர் இருக்கிறது, நகைக்கடை விளம்பரத்தோடு.

நம்மிடம் பதிவேடு இருக்கிறது, அதை மறந்துவிடக் கூடாது. 2014 மார்ச் முதல் ஷெட்யூல் எச்1 நடைமுறையில் இருக்கிறது. உயர்வகை ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, டிரமடால் என்று 46 மருந்துகளோடு தொடங்கியது. இவற்றில் ஒன்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆய்வாளர் வருகிறார் என்று முந்தின நாளே சேதி வரும் கடைகளில் இந்தப் பதிவேடு ஓர் அற்புதப் படைப்பு. ஆறு மாதத்து விற்பனை ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே இரவில் உருவாகும். கற்பனை வளத்துக்குச் சாகித்திய அகாதமி இந்தப் பிரிவையும் கவனிக்கலாம். சிவப்புக் கோடு போட்ட அட்டையைச் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று 2016இல் இயக்கம் நடத்தினார்கள். கோடு வந்தது. இப்போது 300 பெயர்பெற்ற மருந்துகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் அட்டையில் க்யூஆர் கோடும் கட்டாயம். கண்புரை மூடிய கண்ணோடு சர்க்கரை மாத்திரை வாங்க வரும் கிழவி, பட்டன் போனை எடுத்து அதை ஸ்கேன் செய்து, ஆங்கிலத்தில் வருவதைப் படித்து, போலியா அசலா என்று தானே முடிவு செய்துகொள்ளலாம். வாயைத் திறந்து “பாட்டி, சாப்பிடாம இதைப் போடாதீங்க, சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்” என்று சொல்ல ஓர் ஆளை நிறுத்துவதைவிடக் கட்டம் கட்டமாக அச்சடிப்பது மலிவு.

மருத்துவமனைக்குள்ளேயே மெடிக்கல் வைத்திருப்பவர்கள் இன்னும் நேர்த்தி. டாக்டர் எழுதும் பெயர் அந்த ஊரிலேயே கீழ்த்தளத்தில் மட்டும்தான் கிடைக்கும். வெளியே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சந்தேகம் கேட்க நினைக்கும் மருந்தாளுநரும் அதே டாக்டரிடம்தான் சம்பளம் வாங்குகிறார். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர் உண்மையாகவே இருக்கிறார், உயிரோடு. ஆனால் அவருக்கும் நமக்கும் நடுவில் ஒரு கை மட்டும் நுழையும் ஜன்னல், பின்னால் தெருவரை நீளும் வரிசை. “காலையில ஒண்ணு, நைட் ஒண்ணு, அடுத்து!” அவரைத் திட்ட மனம் வரவில்லை. நின்று பேச விடாத வரிசையில் அவரை உட்கார வைத்தவர்கள், மேடையில் “மக்கள் நல்வாழ்வு” என்று தொண்டை கிழியப் பேசுகிறார்கள். 2021 முதல் வீடு தேடிச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வருகிறது. பெரிய விஷயம், மறுக்கவில்லை. வீடு தேடி வந்த அட்டையோடு தனியார் டாக்டர் கொடுத்த அட்டையும் அதே டப்பாவுக்குள் கிடப்பதை எடுத்துப் பார்ப்பது யார் வேலை? ஆப்பில் ஆர்டர் செய்தால் முகமே தெரியாத டாக்டர் ஒருவர் ஒரு நிமிடம் பேசிச் சீட்டையும் கொடுத்து, வண்டியில் மருந்தையும் அனுப்பிவிடுகிறார். இந்த வியாபாரத்துக்கான விதிகளை 2018இல் வரைவாக வெளியிட்டார்கள். வண்டி பறக்கிறது, வரைவு நடந்து வருகிறது.

நம்மையும் விட்டுவைக்க முடியாது. சீட்டு கேட்கும் கடை நமக்குப் பிடிக்காது. “ரொம்ப ரூல்ஸ் பேசறான்” என்று எதிர்க்கடைக்கு நடக்கிறோம். போன வருடம் மாமாவுக்குக் கேட்ட மாத்திரை இந்த வருடம் நமக்கும் கேட்கும் என்று காலி அட்டையைக் காட்டி வாங்குகிறோம். பத்து சதவீதத் தள்ளுபடி உண்டா என்று கேட்கத் தெரிந்த வாய்க்கு, இதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்கத் தெரியவில்லை. புடவை வாங்கினால் முந்தானையைப் பிரித்துப் பார்க்கிறோம், வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். உடம்புக்குள் போவதை மட்டும் கவரோடு வாங்கிக் கண்ணை மூடி விழுங்குகிறோம். கேட்காத வாடிக்கையாளர் இருக்கும்வரை வாடகைச் சான்றிதழ் லாபமான தொழில்தான்.

ஆகவே, அடுத்த முறை போகும்போது வீட்டில் நடப்பில் இருக்கும் எல்லா மாத்திரையையும், ஆயுர்வேத லேகியத்தையும் சித்த சூரணத்தையும் விடாமல், ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். “இங்க பார்மசிஸ்ட் யாரு?” என்று சத்தமாகக் கேளுங்கள். பையன் சுவரைக் காட்டினால், சுவரிடம் பேச வரவில்லை என்று சொல்லுங்கள். ஆள் வந்தால் பையைக் கொட்டி, இவற்றில் ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளாதது எது, ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கிறதா, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அட்டையை வெட்டினால் காலாவதித் தேதி இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். எப்போது, எத்தனை, எத்தனை நாள் என்பதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். அவர்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கிறது.

ஆள் வரவே இல்லையென்றால் பில் வாங்காமல் நகராதீர்கள். அதில் கடையின் உரிம எண் அச்சாகியிருக்கும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுத அந்த எண் போதும்.